சர்க்கரையை அளந்த சோமோகி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

வேதியியலும் உயிர்வேதியியலும் பயிலும் மாணவர்களுக்குச் சோமோகி என்னும் பெயர் புதிதன்று. ஒடுக்கும் சர்க்கரையின் அளவைக் காண ‘நெல்சன்–சோமோகி முறை’ என்று ஒரு முறை உண்டு. சர்க்கரைக் கரைசலோடு தாமிரக் கரைசலைச் சேர்த்துக் கொதிநீரில் வைத்து, ஆறிய பின் ஆர்சனோமாலிப்டேட் கரைசலை ஊற்றினால் அழகிய நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ சர்க்கரையும் அவ்வளவு. இதைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம், ஆசிரியரிடம் கையொப்பம் வாங்குகிறோம், தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இதே பெயரை வேறோர் இடத்தில் சந்திக்கிறார்கள். இன்சுலின் ஊசி தவறாமல் போட்டுக்கொண்டும் காலையில் சர்க்கரை ஏறி நிற்கும் விந்தைக்கு ஒரு விளக்கம் கூறும்போது ‘சோமோகி விளைவு’ என்கிறார்கள். இரண்டு சோமோகிகளும் ஒருவரே. நீல நிறத்தை அளந்தவர்தான் நோயாளியின் படுக்கையருகேயும் சென்று நின்றார். அவர் வாழ்க்கையை நம் கல்லூரித் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவலால் இதை எழுதுகிறேன்.

மைக்கேல் சோமோகி 1883-ஆம் ஆண்டு, அன்றைய ஆஸ்திரிய–ஹங்கேரிப் பேரரசில் சாமாண்டு என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று ஆஸ்திரிய நாட்டில் இருக்கிறது. புடாபெஸ்ட் பல்கலைக்கழகத்தில் வேதிப்பொறியியல் பயின்று 1905-இல் பட்டம் பெற்றார். பின்னர்க் கடல் கடந்து அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே பிலிப் ஷாஃபர் என்ற அறிஞரின் நட்பு கிடைத்தது. ஆனால் அங்கே அவர் நிலைக்கவில்லை. தாயகம் திரும்பி, புடாபெஸ்ட் நகராட்சியின் ஆய்வகத்தில் வேதியியலாராகப் பணியாற்றி, 1914-இல் முனைவர் பட்டமும் பெற்றார். அதே ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டது. போரின் முடிவில் பேரரசே சிதறிப்போயிற்று. அந்நிலையில் பழைய நண்பர் ஷாஃபர் மறக்காமல் அழைத்தார். அப்போது அவர் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். சோமோகி இரண்டாம் முறையாகக் கடல் கடந்தார். இம்முறை திரும்பவில்லை.

அவர் செயின்ட் லூயிக்கு வந்த காலம் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனை. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதுவரை முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைக்கு மருந்தே கிடையாது. உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக்கி, சாவைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவதுதான் வைத்தியம். இப்போது மருந்து வந்துவிட்டது. ஆனால் தூய்மையாகவும் போதிய அளவிலும் அதைத் தயாரிப்பது எப்படி? ஷாஃபர், எட்வர்டு டாய்சி, சோமோகி ஆகிய மூவரும் அந்த வேலையில் இறங்கினர். புரதங்கள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட அமிலநிலையில் கரையாமல் வீழ்படிவாகும் என்பது நாம் படித்ததுதான். அந்தப் பண்பைக் கொண்டே இன்சுலினைப் பிரிக்கும் வழியைக் கண்டு 1923-இல் வெளியிட்டனர். டாய்சி பின்னாளில் வைட்டமின் கே ஆய்வுக்காக 1943-ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றார். சோமோகிக்கு அத்தகைய பரிசு எதுவும் கிட்டவில்லை.

1926-இல் செயின்ட் லூயி யூத மருத்துவமனையில் உயிர்வேதியியலாராகப் பொறுப்பேற்றார். தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். மருத்துவமனையில் ஒரு வேதியியலாருக்கு என்ன வேலை? அளப்பதுதான் வேலை. அவரும் அளந்தார். ஆனால் அளக்கும் கோலே சரியா என்று முதலில் பார்த்தார்.

அக்காலத்தில் இரத்தச் சர்க்கரையை அளக்க ஃபோலின்–வூ முறை பரவலாக வழங்கியது. அதில் ஒரு குறை. இரத்தத்தில் குளுக்கோஸ் மட்டுமா தாமிரத்தை ஒடுக்குகிறது? வேறு சில பொருள்களும் ஒடுக்குகின்றன. அவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால், உண்மையில் இருப்பதைவிட 100 மில்லிலிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை கூடுதலாகக் காட்டும். சோமோகி ஈஸ்டைக் கொண்டு குளுக்கோஸை மட்டும் நொதிக்கச் செய்து, எஞ்சி நிற்கும் போலிச் சர்க்கரை எவ்வளவு என்று கண்டார். துத்தநாக ஹைட்ராக்சைடைக் கொண்டு புரதங்களோடு அந்தப் போலிகளையும் வீழ்படிவாக்கி வடிகட்டும் முறையை 1930-இல் வெளியிட்டார். வடிநீரில் எஞ்சுவது ஏறத்தாழ முழுவதும் குளுக்கோஸே. இந்த அடித்தளத்தின் மேல்தான் 1944-இல் நெல்சன் தம் நீலநிற முறையை அமைத்தார். கணையத்தின் அமைலேஸ் நொதியை அளப்பதற்கும் சோமோகி ஒரு முறை வகுத்தார். அதனால் ‘சோமோகி அலகு’ என்று ஓர் அலகே வழங்கலாயிற்று.

இருபது மில்லிகிராம் பிழை ஒரு பெரிய பிழையா என்று கேட்கலாம். சர்க்கரை 300 இருக்கும்போது அது பெரிதன்று. ஆனால் உண்மையில் 45-க்கு இறங்கி, நோயாளி வியர்த்து நடுங்கும் வேளையில், பழைய முறை 70 என்று காட்டி எல்லாம் நலம் என்று சொல்லிவிடும். தாழ்வை மறைக்கும் கோலை வைத்துக்கொண்டு தாழ்வைத் தேட முடியாது. சோமோகியின் பிற்காலக் கண்டுபிடிப்புக்கு வித்து இந்த வடிகட்டும் வேலையில்தான் விழுந்தது என்பது என் எண்ணம்.

இனி அந்தக் கண்டுபிடிப்புக்கு வருவோம். 1930-களில் நோயாளிகள் வீட்டில் தங்கள் இரத்தத்தைத் தாங்களே சோதிக்கும் வசதி இல்லை. சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு கொதிக்கவைத்துப் பார்ப்பார்கள். நீலம் மாறாவிட்டால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறம் வந்தால் மிகுதி. காலையில் செங்கல் நிறம் வந்தால் மருத்துவர் இன்சுலினைக் கூட்டுவார். மறுவாரமும் செங்கல் நிறம் என்றால் மேலும் கூட்டுவார். கூட்டக் கூட்டச் சிலருக்குச் சர்க்கரை குறையாமல் ஏறியது; இன்று ஒன்று, நாளை ஒன்று என்று தாறுமாறாக ஆடியது. உணவில் ஏமாற்றுகிறார் என்று நோயாளியின் மேல் பழி விழுந்தது. இன்றும் அப்படித்தான் விழுகிறது.

சோமோகி அத்தகையோரின் இரத்தத்தைப் பல வேளைகளில் எடுத்து அளந்தார். உயர்வுக்கு முன் ஒரு தாழ்வு இருப்பதைக் கண்டார். இன்சுலினைக் கூட்டாமல் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்த்தார். சர்க்கரையும் குறைந்தது!

இது எப்படி நிகழும்? நம் செஞ்சிக் கோட்டையைக் கொண்டே விளக்கலாம். ராஜகிரியின் அடிவாரத்தில் கனத்த சுவர்களோடு நிற்கும் களஞ்சியத்தைப் பார்த்திருப்பீர்கள். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டபோது இக்கோட்டை எட்டாண்டுகள் தாங்கி நின்றது என்றால், உள்ளே சேமிப்பு இருந்ததும் ஒரு காரணம். நம் உடலிலும் அப்படி ஒரு களஞ்சியம் உண்டு. அதுதான் கல்லீரல். ஒரு மனிதனின் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் குளுக்கோஸ் ஒரு தேக்கரண்டி அளவே. ஏறத்தாழ 5 கிராம். கல்லீரலிலோ 100 கிராம் அளவுக்குக் கிளைக்கோஜனாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இரவில் இன்சுலின் மிகுந்து சர்க்கரை தாழ்ந்தால், உடலுக்கு அது முற்றுகைக்காலம். அட்ரினலினும் குளுக்ககானும் ஓடிச்சென்று களஞ்சியத்தின் கதவைத் திறக்கச் செய்கின்றன. கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் பின்னால் துணைக்கு வருகின்றன. உடல்நலமுள்ளவருக்குத் தேவையான அளவோடு கணையம் கதவை மூடிவிடும். முதல் வகை நீரிழிவில் மூடுவதற்குச் சொந்த இன்சுலின் இல்லை. ஆகவே காலையில் 300. இரவு முழுவதும் உறங்கிய வீட்டார் கண்ணில் படுவது அந்த 300 மட்டுமே.

1938-இல் இக்கருத்தைச் செயின்ட் லூயி மருத்துவச் சங்கத்தின் இதழில், தம்மோடு பணியாற்றிய ஒருவருடன் சேர்ந்து வெளியிட்டார். இன்சுலினே சர்க்கரை ஏற்றத்துக்குக் காரணமாகலாம் என்பது அன்றைய மருத்துவர்களின் காதுக்கு எப்படி ஒலித்திருக்கும்! சொன்னவரோ மருத்துவர் அல்லர், வேதியியலார். இன்சுலின் வந்து பதினாறு ஆண்டுகளே ஆகியிருந்தன. சாகக் கிடந்த குழந்தைகளை எழுந்து நடக்கவைத்த மருந்து அது. அதைக் குறைக்கச் சொல்கிறாரே என்று பலர் தயங்கினார்கள். அவர் சளைக்கவில்லை. மேலும் இருபது ஆண்டுகள் அளவைகளைத் திரட்டி, 1959-இல், தம் 76-ஆம் வயதில், அமெரிக்க மருத்துவ இதழொன்றில் முழுக் கட்டுரையாக வெளியிட்டார். அதன் பின்னரே ‘சோமோகி விளைவு’ பாடநூல்களில் ஏறியது. 1971-ஆம் ஆண்டு, 88-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

(இதே காலத்தில் நம் சென்னையிலும் நீரிழிவுக்கெனத் தனிக் கவனம் பிறந்துவிட்டது. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்குத் தனிப்பிரிவு தொடங்கினார். 1954-இல் இராயபுரத்தில் அவர் நிறுவிய மருத்துவமனை இன்றும் நடைபெறுகிறது. அவரைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.)

சோமோகியின் கதை அவரோடு முடிந்துவிடவில்லை. அவர் மறைவுக்குப் பின்னர் விரல் நுனியில் ஒரு துளி எடுத்து வீட்டிலேயே அளக்கும் சிறு கருவிகள் பரவின. 1981-இல் ‘விடியல் நிகழ்வு’ என்று ஒன்றை ஆய்வாளர் விவரித்தனர். இரவில் தாழ்வே இல்லாமலும், விடியற்காலையில் சர்க்கரை தானாக ஏறுவதுண்டு. உறக்கத்தில் சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினின் வேலையை மந்தமாக்குவதே முக்கியக் காரணம். 1987-இல் இன்னொரு சோதனை. முதல் வகை நோயாளிகளை இரவு முழுவதும் கண்காணித்து, இரவுத் தாழ்வு மட்டுமே காலை உயர்வை உண்டாக்குகிறதா என்று பார்த்தனர். அப்படி உண்டாக்கவில்லை என்பது முடிவு. இந்தச் சோதனை நடந்த இடம் எது தெரியுமா? சோமோகி இரண்டாம் முறை கடல் கடந்து வந்துசேர்ந்த அதே வாஷிங்டன் பல்கலைக்கழகம்! தோலில் ஒட்டிக்கொண்டு இரவெல்லாம் அளக்கும் இன்றைய உணர்கருவிகளும் ஏறக்குறைய அதையே சொல்கின்றன: இரவில் தாழ்ந்தவருக்குக் காலையிலும் பெரும்பாலும் தாழ்வாகவே இருக்கிறது. நோய் வந்து சில ஆண்டுகளானவர்களுக்குத் தாழ்வின்போது குளுக்ககான் சுரப்பதே குன்றிவிடுகிறது. களஞ்சியத்தின் காவலன் உறங்கிவிடுகிறான் என்று சொல்லலாம். தாழ்வு கண்டு பயந்து வீட்டார் அள்ளிக் கொடுக்கும் சர்க்கரையால் காலையில் ஏறுவதும் உண்டு. அதைக் களஞ்சியத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

அப்படியானால் சோமோகி தோற்றுவிட்டாரா? நான் அப்படி நினைக்கவில்லை. அவர் கூறிய காரணம் அவர் எண்ணிய அளவுக்குப் பரவலானதன்று, அவ்வளவே. காலை எண்ணை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டாதே, இரவையும் அளந்து பார் என்ற அவர் வழி நிற்கிறது. அது நிற்பதை நானே கண்டேன்.

என் சித்தப்பா மகள் ஒருத்தி, பன்னிரண்டு வயது, முதல் வகை நீரிழிவுக்காரி. சித்தப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்தவன் நான் ஒருவனே என்பதால், மருந்துச் சீட்டு முதல் வங்கிப் படிவம் வரை படித்துச் சொல்வது என் வேலை. இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. அளக்கும் பட்டைதான் விலைக்கு. ஒன்று இருபது ரூபாய்க்கு அருகில். சென்ற ஆண்டு இரண்டு மாதங்கள் அவளுக்குக் காலைச் சர்க்கரை 300-க்குக் கீழே இறங்கவில்லை. இரண்டு முறை மருந்தைக் கூட்டியும் பயனில்லை. திருட்டுத்தனமாக இனிப்புத் தின்கிறாள் என்று உறவினர் முடிவு கட்டினார்கள். அவள் அழுவதையும் நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அப்போதுதான் செய்முறைக் குறிப்பேட்டுக்காகச் சோமோகியைப் பற்றிப் படித்திருந்தேன். மூன்று இரவுகள் அங்கேயே படுத்து, படுக்கும்போதும், மூன்று மணிக்கும், விடிந்ததும் அளந்தோம். மூன்று மணிக்கு வந்தவை 268, 241, 290. தாழ்வே இல்லை! சோமோகி விளைவு அன்று என்பது தெளிவாயிற்று. படுக்கும்போதும் உயர்வாகவே இருந்ததால் விடியல் நிகழ்வு மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. இரவு முழுவதும் ஒரே உயர்வு என்றால், போட்ட இன்சுலின் வேலை செய்யவில்லை என்பதே பொருள். குப்பியை மாற்றிப் பார்த்தார்கள், மாற்றமில்லை. எண்களைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது, மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் தொடையைக் கையால் தடவிப் பார்த்தார். நாள்தோறும் ஒரே இடத்தில் போட்டுப் போட்டு, தோலுக்கடியில் கொழுப்புத் தடித்துக் கிடந்தது. அங்கே வலி தெரியாது என்பதால் பிள்ளைகள் அந்த இடத்தையே விரும்புவார்களாம். ஆனால் அங்கே போடும் மருந்து சரியாக உடலில் சேர்வதில்லை. இடத்தை மாற்றச் சொன்னார். புது இடத்தில் மருந்து முழுவதும் ஏறும் என்பதால் அளவை உடனே குறைத்தும் கொடுத்தார். மூன்றாம் வாரத்தில் காலைச் சர்க்கரை 160.

அந்த மருத்துவர் மேலும் சில காரணங்களை எடுத்துச் சொன்னார். அவை நம் ஊர்ப்பக்கத்துக்கு மிகவும் பொருந்துபவை. நம்மூர்ப் பாறைகள் சித்திரை வெயிலில் இரவிலும் சுடும். திறக்காத இன்சுலின் குப்பி 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்து உறைந்துபோனாலும் அது கெட்டதுதான். திறந்த குப்பி மிதமான வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், நீர் படாதபடி சிறு டப்பாவில் வைக்கலாம். அடுப்பங்கரை அலமாரி ஆகாது. இன்னொன்று ஊசிக்குழல். குப்பியில் வரும் இன்சுலின் நம் நாட்டில் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்டது. அதற்குரிய குழலின் மூடி சிவப்பு. ஆரஞ்சு மூடியுள்ள 100 அலகுக் குழல் கைக்கு வந்து, அதில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 4 அலகே. சர்க்கரை ஏன் ஏறுகிறது என்று வீடே தலையைப் பிய்த்துக்கொள்ளும்! சளி, காய்ச்சல், சொத்தைப் பல், பூப்பெய்தும் பருவம் ஆகியவையும் சர்க்கரையை ஏற்றும். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தாலும் கருவி பொய் சொல்லும். கையைக் கழுவி மறுபடி பார்க்க வேண்டும்.

இவற்றைப் படித்துவிட்டு யாரும் தாமாக இன்சுலினைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. சோமோகி குறைத்தது அளந்து பார்த்து, மருத்துவமனைக்குள் வைத்து. முதல் வகை நோயாளிக்கு இன்சுலின் நின்றால் ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகிவிடும். சர்க்கரை உயர்வோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மூச்சில் பழவாசனை இருந்தால் மூன்று மணிக்காகக் காத்திருக்கலாகாது. அந்த நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சித்தப்பா வீட்டுச் சுவரில் இப்போது ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அன்றன்று ஊசி போட்ட இடம் வலத் தொடையா, இடத் தொடையா, வயிறா என்று தேதிக்குக் கீழே அவளே எழுதிவைக்கிறாள்.